கலிஃபோர்னியாவின் நாபாவில் ஒரே நாளில் ஐந்து ஒயினரி (ஒயின் தயாரித்துச் சுவைக்கத் தரும் இடம்) போக முடியுமா?

முடியாது, மூன்றாகக் குறையுங்கள். இருவரும் ஓய்வாக இருக்கத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டே போதும். உட்கார்ந்து சுவைத்து எழவே 60 முதல் 90 நிமிடம் ஆகும். பெரும்பாலும் மாலை 5 மணிக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள்.

முன்பதிவு இல்லையென்று இரண்டு இடங்களில் மறுத்ததாக எழுதியிருந்தீர்கள். அநேகமாக 1990-இல் நாபா கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) போட்ட விதிதான் காரணம். அதற்குப் பின் அனுமதி வாங்கிய ஒயினரிகள் நேரம் குறித்து வருபவர்களுக்கு மட்டுமே ஊற்றலாம். வாசலில் நின்று கேட்டுப் பயனில்லை.

பதிவு செய்யுமுன் வரைபடத்தில் தூரத்தைப் பாருங்கள். நாபா ஊரிலிருந்து வடக்கே உள்ள கலிஸ்டோகா ஊர் 40 கி.மீ.க்கு மேல். 29-ஆம் நெடுஞ்சாலை வார இறுதியில் ஊர்ந்துதான் போகும். இணையாகச் செல்லும் சில்வராடோ டிரெயில் என்ற சாலை எவ்வளவோ மேல், காட்சியும் அழகு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சுவைக்க ஒரு தடவை ஊற்றும் ஒயின் சுமார் 30 மி.லி. ஐந்து தடவை சேர்ந்தால் ஒரு முழுக் கோப்பை. மூன்று இடம் முடித்தவர் வண்டியைத் தொடக்கூடாது. துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். கலிஸ்டோகாவில் சூடான சேற்றுக் குளியலுக்கும் போவதானால், அதை ஒயினுக்கு முன், காலையிலேயே முடித்துவிடுங்கள். குடித்தபின் அந்தச் சூட்டில் இறங்கினால் தலைசுற்றும்.