பல் கிளினிக்கில் உடன் பணிபுரிவோர்: கேள்வி-பதில்

நான்கைந்து பேர் மட்டுமே வேலை செய்யும் சிறிய பல் கிளினிக்கில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாமல் போனால், அதை முதலில் உணர்பவர் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருக்கும் நோயாளிதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்து அண்மையில் வந்த கேள்விகளில் பல இதையே சுற்றி வந்ததால் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் பல் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். கருவியை எடுத்துக் கொடுக்கச் சற்றுத் தாமதமானாலும் டாக்டர் நோயாளியின் முன்னாலேயே கடிந்துகொள்கிறார். பல ஆண்டு அனுபவமுள்ள எனக்கு இது பெரும் அவமானமாக இருக்கிறது. அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் வருத்தம் முற்றிலும் நியாயமானது. இந்நாட்டில் பல் மருத்துவரைப் போலவே உதவியாளரும் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்துகொண்டுதான் பணியாற்ற வேண்டும். அந்தப் பொறுப்புக்குரிய மரியாதையை எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆயினும் அந்த நொடியிலேயே பதில் சொல்லாதீர்கள், ஏனெனில் மரத்துப்போன வாயுடன் படுத்திருப்பவரால் எழுந்து போகவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது.

அன்றைய கடைசி நோயாளி போன பிறகு டாக்டரிடம் பத்து நிமிடம் கேளுங்கள். "எப்போதும் திட்டுகிறீர்கள்" என்று தொடங்கினால் அவர் தம்மைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். அதைவிட, "காலையில் வேர் சிகிச்சையின்போது ஃபைல் கருவிகள் வரிசை மாறியிருந்ததால் தேட வேண்டியதாயிற்று, நோயாளிக்கு முன்னால் நீங்கள் சொன்னதும் என் கை தடுமாறியது, தவறு இருந்தால் தனியாகச் சொல்லுங்கள் டாக்டர், திருத்திக்கொள்கிறேன்" என்று அன்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

தாமதம் ஏன் ஏற்படுகிறது என்பதையும் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். நான் பார்த்த அளவில், உதவியாளரின் மெத்தனத்தைவிட, பட்டியலில் 'பல் அடைப்பு' என்று குறித்திருந்த நோயாளிக்கு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வேர் சிகிச்சை தேவைப்படுவதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. காலையில் கதவு திறப்பதற்கு முன் எல்லாரும் ஒன்றாக நின்று அன்றைய பட்டியலைப் பார்த்து, மாறக்கூடிய சிகிச்சைகளுக்கு இரண்டாவது கருவித் தட்டையும் தயாராக வைத்துக்கொண்டால் இந்தக் கோபத்தில் பாதி எழாது. இதைப் படிக்கும் மருத்துவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன்: உதவியாளரைக் கடிந்துகொள்ளும் டாக்டரின் கையில் ஊசியைப் பார்க்கும் நோயாளிக்குப் பயம்தான் கூடும்.

கேள்வி: ஃபீனிக்ஸில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வலியோடு தொலைபேசியில் அழைப்பவரை மறுக்க மனம் வராமல் இடையில் சேர்த்துவிடுகிறேன். உள்ளே இருப்பவர்கள் என்னோடு பேசுவதே இல்லை.

உங்கள் இரக்கம் தவறல்ல. அதற்கு நேரம் ஒதுக்கப்படாததே குறை. முற்பகலில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாக இருபது நிமிட இடைவெளிகளை அவசர நோயாளிகளுக்கென்று வெறுமையாக விடும்படி கேளுங்கள். எதற்கு அன்றே வர வேண்டும், எது மறுநாள் வரை பொறுக்கும் என்பதை டாக்டரே எழுதித் தரட்டும். முகத்தில் வீக்கம், காய்ச்சல், விழுங்கச் சிரமம் ஆகியவை காத்திருக்கக் கூடாதவை. அடிபட்டு வேரோடு விழுந்த நிலையான பல்லைப் பாலில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்திற்குள் வந்துவிட வேண்டும்.

உள்ளே இருப்பவர்களின் சினத்துக்கும் காரணம் உண்டு. நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரமான ஆட்டோகிளேவ் 134 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கருவிகளை வைத்திருக்க வேண்டியது மூன்று நிமிடந்தான் என்றாலும், சூடேறி, கிருமி நீக்கி, உலர்ந்து முடியும் முழுச் சுற்றுக்கு அரை மணிக்கும் மேலாகலாம். நீங்கள் இடையில் சேர்க்கும் ஒருவர், அவர்களுக்கு இன்னும் தயாராகாத ஒரு தட்டு. ஒரு முற்பகல் நீங்கள் கிருமி நீக்கும் அறையில் நில்லுங்கள். மற்றொரு நாள் உதவியாளர் உங்கள் மேசையில் உட்கார்ந்து, வலியில் அழுபவர்களின் அழைப்பையும் மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) அனுமதிக்கான காத்திருப்பையும் அனுபவித்துப் பார்க்கட்டும்.

கேள்வி: என் தோழிக்கு, பயன்படுத்திய ஊசி விரலில் குத்திவிட்டது. டாக்டருக்குத் தெரிந்தால் திட்டுவார் என்று, யாரிடமும் சொல்லாதே என்கிறாள். நட்பைக் காப்பாற்றுவதா, சொல்வதா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இன்றே சொல்லியாக வேண்டும். காயத்தைப் பிதுக்காமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிய கையோடு அவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்துவிடக் கூடாது. 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்பதையும் பார்ப்பார்கள். சம்பவம் பதிவாகாவிட்டால், 1993ஆம் ஆண்டின் பணிக்காய இழப்பீட்டுச் சட்டப்படி பின்னாளில் உரிமை கோருவதும் கடினமாகும். "நீயே சொல், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்று தோழியிடம் கூறுங்கள். மறுத்தால் நீங்களே சொல்லுங்கள். அவர் சில நாள் கோபித்துக்கொள்ளலாம், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசி குத்தியதை மறைக்கும் அளவுக்கு ஊழியர் அஞ்சும் கிளினிக்கில் கருவி கிருமி நீக்கப்படாததையும் மறைப்பார்கள் என்பதை அதன் உரிமையாளர் தூக்கம் கெட்டாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: டோங்காட்டில் கிளினிக் நடத்துகிறேன். தீபாவளிக்கும் காவடிக்கும் தமிழ் ஊழியர்கள் எல்லாரும் ஒரே நாளில் விடுப்புக் கேட்கிறார்கள். மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

நாட்டின் பன்னிரண்டு பொது விடுமுறைகளில் தீபாவளியும் தைப்பூசமும் இல்லாததால் அவை ஆண்டு விடுப்பிலிருந்தே போகின்றன. சட்டப்படி அது தொடர்ச்சியாக 21 நாள். ஆனால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ள உரிமையாளரும் ஊழியரும் உடன்படலாம் என்று 1994ஆம் ஆண்டின் பொது விடுமுறைச் சட்டம் இடமளிக்கிறது. தீபாவளியன்று வீட்டில் இருப்பவர் ஈஸ்டர் வேளையில் வந்து நின்றால், ஜூலு சகோதரி தம் தேவாலயத்துக்குப் போகலாம். ஈத் நாளுக்கும் இதே வழிதான். சில ஆண்டுகளில் தமிழருக்கும் வட இந்தியருக்கும் தீபாவளி வெவ்வேறு நாளில் வருவதால், ஜனவரியிலேயே எல்லார் முன்னிலையிலும் நாள்காட்டியை விரித்துக் குறித்துவிடுங்கள்.

கேள்வி: புரட்டாசி விரதத்தில் இருக்கிறேன். சக ஊழியர் அதே மைக்ரோவேவில் கோழிக்கறி சூடாக்குகிறார்.

அவரிடம் அந்த மாதத்தைப் பற்றி யாராவது சொல்லியிருக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. உண்ணக் கூடாது என்று கேட்க உங்களுக்கு உரிமையில்லை. உங்கள் உணவை முதலில் சூடாக்கிக்கொள்ளவும், அவர் தட்டை மூடிச் சூடாக்கவும் அன்போடு கேளுங்கள். அடுத்த ஆண்டு, மாதம் பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.