லாக் ஃபைலின் வாலை முதலில் பிடியுங்கள்

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ், ஃபுல் ரெகவரி மாடல் (ஒவ்வொரு மாற்றமும் லாக் ஃபைலில் பதிவாகி, லாக் பேக்கப் எடுக்கும்வரை அங்கேயே இருக்கும் அமைப்பு). காலை 11 மணிக்கு டேட்டா ஃபைல் இருந்த டிஸ்க் செத்துவிட்டது. நேற்றிரவு எடுத்த ஃபுல் பேக்கப் டேப்பில் இருக்கிறது. கடைசி லாக் பேக்கப் 10 மணிக்கு எடுத்தது. நடுவில் நடந்த ஒரு மணி நேர வேலை போனது போனதுதானா?

பதில்: லாக் ஃபைல் வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தால் அநேகமாக மீட்டுவிடலாம். டேப்பைத் தொடுவதற்கு முன்பே, 10 மணிக்குப் பிறகு லாகில் எழுதப்பட்ட வால் பகுதியை 'நோ_ட்ரன்கேட்' (டேட்டா ஃபைல் சேதமானாலும் லாகை எடுக்கவிடும் ஆப்ஷன்) போட்டு பேக்கப் எடுத்துவிடுங்கள். அதை எடுக்காமல் ரீஸ்டோர் செய்யப் போனால் சர்வரே எச்சரிக்கும். அவசரத்தில் 'ரிப்ளேஸ்' போட்டு அதன் வாயை அடைக்கிறவர்கள்தான் அதிகம். அதோடு அந்த ஒரு மணி நேரமும் காலி.

அப்புறம் வரிசை: முதலில் ஃபுல், பிறகு டிஃபரன்ஷியல் (ஃபுல்லுக்குப் பின் மாறியதை மட்டும் கொண்ட பேக்கப்) இருந்தால் கடைசியாக எடுத்தது மட்டும், அதற்கடுத்து லாகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, முடிவில் வால். வால் வரும்வரை எல்லாவற்றுக்கும் 'நோரெகவரி' (இன்னும் ஏற்ற வேண்டியது இருக்கிறது, திறக்காதே என்று சொல்வது). நடுவில் ஒரு இடத்தில் மறந்தாலும் டேட்டாபேஸ் திறந்துகொள்ளும், அதற்கு மேல் லாக் ஏறாது. மறுபடி ஃபுல்லிலிருந்து தொடங்க வேண்டும். டேப் என்றால் அதற்கே பல மணி நேரம் ஆகும். அதனால் முதலில் எல்லாவற்றையும் டேப்பிலிருந்து டிஸ்க்குக்கு இறக்கிக்கொள்வது என் வழக்கம்.

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வரில் ரீஸ்டோர் செய்யும்போது 4305 என்ற பிழை வந்து லாக் ஏற மறுக்கிறது.

பதில்: நடுவில் ஒரு லாக் பேக்கப் விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் யாரோ தன் ஃபோல்டரில் 'சும்மா ஒன்று' எடுத்து வைத்திருப்பார். எம்எஸ்டிபியில் (சர்வர் தன் பேக்கப் வரலாற்றை வைத்திருக்கும் டேட்டாபேஸ்) உள்ள பேக்கப்செட் அட்டவணையில் எல்எஸ்என் எண்களை (லாக் பதிவுகளின் வரிசை எண்கள்) பார்த்தால் எது, எங்கே என்று தெரிந்துவிடும். கிடைக்கவே இல்லையா? அதே ஃபுல்லை அடிப்படையாகக் கொண்டு, அந்த இடைவெளிக்குப் பின் எடுத்த டிஃபரன்ஷியல் இருந்தால் தாண்டிவிடலாம். இல்லையென்றால் அந்த இடத்தோடு நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸ். மதியம் 2.20-க்கு ஒருவர் 'வேர்' (WHERE, எந்த வரிசைகள் என்று சொல்லும் நிபந்தனை) இல்லாமல் டெலீட் ஓட்டிவிட்டார்.

பதில்: பேஸ் பேக்கப்பும் (முழு நகல்) அதற்குப் பிந்தைய வால் (WAL) ஃபைல்களும் முழுதாக இருக்கின்றனவா? (இந்த 'வால்' போஸ்ட்கிரெஸில் லாக் ஃபைலின் பெயர், மேலே சொன்ன வால் அல்ல.) சரி, அப்படியானால் வேறு ஒரு சர்வரில் ரீஸ்டோர் செய்யுங்கள். 'ரெகவரி_டார்கெட்_டைம்' (எந்த நேரம்வரை மீட்க வேண்டும் என்ற அமைப்பு) 2.19. அங்கிருந்து அழிந்த வரிசைகளை மட்டும் எடுத்து வாருங்கள். நடப்பில் இருப்பதன் மேலேயே செய்தால் 2.20-க்குப் பிந்தைய நல்ல பதிவுகளும் போய்விடும். நேரத்தோடு டைம்ஸோனையும் எழுதுங்கள். சர்வர் யுடிசியில் ஓடுவதை மறந்து நானே ஒருமுறை இரண்டு தடவை ரீஸ்டோர் செய்திருக்கிறேன். பழைய கையேடுகள் சொல்லும் 'ரெகவரி.கான்ஃப்' என்ற அமைப்பு ஃபைல் 12-ஆம் பதிப்போடு போய்விட்டது. இப்போது அந்த அமைப்புகளை 'போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப்' ஃபைலில் எழுதி, 'ரெகவரி.சிக்னல்' என்ற வெற்று ஃபைலையும் வைக்க வேண்டும்.

கேள்வி: பழைய எல்டிஓ-6 (எல்டிஓ என்ற பேக்கப் டேப் வகையின் ஆறாம் தலைமுறை) டேப்புகளை எல்டிஓ-8 டிரைவ் படிக்குமா?

பதில்: படிக்காது. அது 8, 7 இரண்டை மட்டுமே படிக்கும். எல்டிஓ-7 டிரைவ் ஒன்றைத் தேடுங்கள்.