மாலை வரவேற்புக்குப் பத்திரிகையில் எத்தனை மணி போடலாம்? மெல்லிசையா, டிஜேயா?

தங்கைக்குத் திருமணம், ஞாயிற்றுக்கிழமை மாலை வரவேற்பு, மறுநாள் காலை 6 முதல் 7.30க்குள் முகூர்த்தம், அறுநூறு பேர் வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுப் பக்கம் கல்யாணம் என்றால் மண்டபம், மேளம், மைக் செட் எல்லாம் என் தலையில்தான் விழும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதை விட்டுவிட்டு, எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்று முதலில் பாருங்கள். ஆறு மணி முகூர்த்தம் என்றால் பெண் மூன்றரைக்காவது எழுந்தாக வேண்டும். குளித்து, தலை பின்னி, பூ வைத்து, புடவை கட்டி முடிக்கவே பொழுது சரியாக இருக்கும். முதல் நாள் ராத்திரி மேடையை விட்டு இறங்கியதும் நேரே போய்ப் படுத்துவிடவும் முடியாது. நகைகளைக் கழற்றி எண்ணி வைக்க வேண்டும், கொண்டையிலிருந்து ஊசி ஊசியாக உருவ வேண்டும், மேக்கப்பைத் துடைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் அவளுக்குச் சாப்பாடு. ஆகவே 9.30க்கு மேடை காலியாகிவிட வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் சொல்கின்றன. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. ஆனால் வாசலில் ஸ்பீக்கர் பெட்டி கட்டியிருந்தால் அந்த விலக்கு உங்களுக்கு இல்லை.

இனி பின்னோக்கி வாருங்கள். அறுநூறு பேரும் தனித்தனியாக மேடை ஏற மாட்டார்கள். குடும்பத்துக்கு நாலு பேர் என்று வைத்தால் நூற்றைம்பது குழு. கவரைக் கொடுத்து, கை குலுக்கி, போட்டோவுக்கு நிற்க ஒரு நிமிடம் என்றாலும் இரண்டரை மணி நேரம். அப்படியானால் ஏழு மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் இருந்தே ஆக வேண்டும். ஞாயிறு 4.30 முதல் 6 வரை ராகு காலம். பெரியவர்கள் எப்படியும் ஆறுக்கு முன்னால் மேடை ஏற விடமாட்டார்கள். மற்ற நாள்களில் மாலையில் இந்தத் தொல்லை இல்லை. பத்திரிகையில் ‘மாலை 6.30 மணி முதல்’ என்று போடுங்கள். அழகுக்கலைக்காரரிடம் மட்டும் 6.15 என்று சொல்லிவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, பெண் வீட்டாருக்கெல்லாம் தெரிந்ததுதான்.

ஆறரைக்கு வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும், அடுத்து இன்னொரு கல்யாணத்துக்குப் போகிறவர்களும்தான். பெருங்கூட்டம் ஏழரைக்கு மேல் திமுதிமுவென்று வரும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பந்திக்கு 200 பேர் உட்காரலாம் என்றால், இலை எடுத்துத் துடைத்து அடுத்த இலை போட ஒரு பந்திக்கு 40 நிமிடம் பிடிக்கும். அறுநூறு பேருக்கு மூன்று பந்தி. வீட்டு ஆட்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் கடைசியில் ஒன்று. முதல் பந்தியை ஏழு மணிக்கே போட்டுவிடச் சொல்லுங்கள்.

பாட்டுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. எட்டு மணிக்கு மேடைக்கும் வரிசை நிற்கும், சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டும் ஆள் நிற்கும். அந்த நேரத்தில் ஹாலில் காதைப் பிளக்கும் குத்துப்பாட்டு ஓடினால் உட்கார்ந்திருக்கிறவர்களும் எழுந்து நேரே பந்திக்குத்தான் போவார்கள். நல்ல பழைய மெலடிகளாக நாலு பாடினால், ‘இந்தப் பாட்டு முடியட்டும்’ என்று அரை மணி நேரம் உட்காருவார்கள். சமையல் காண்டிராக்டருக்கு அது பெரிய உபகாரம்.

அதனால் என் ஓட்டு மெல்லிசைக் குழுவுக்கு. மறுநாள் முகூர்த்தத்துக்குப் பேசியிருக்கும் நாதஸ்வரக்காரர்கள் முதல் நாள் மாப்பிள்ளை அழைப்புக்கே வந்துவிடுவார்கள் என்றால், ஜோடி மேடை ஏறும்போது அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். அந்த மேளச் சத்தத்தோடு நடந்து வருவதற்கு ஈடான நுழைவுப் பாட்டு எதுவும் இல்லை. ஏழரை வரை வயலின், புல்லாங்குழல், கீபோர்டு என்று வாத்தியம் மட்டும். ஏழரை முதல் ஒன்பது வரை பாட்டு. கடைசி அரை மணியை இளவட்டங்களுக்கு விட்டுவிடுங்கள். அதற்குள் தாத்தா பாட்டிகள் சாப்பிட்டுக் கிளம்பியிருப்பார்கள். அதற்கென்று தனியாக டிஜே வேண்டாம், ஒரு லேப்டாப்பும் உங்கள் சித்தி பையனும் போதும்.

ஸ்பீக்கர் வைக்கும் இடத்தை மட்டும் நீங்களே நின்று பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு உறவுக்காரக் கல்யாணத்தில் மேடைப் படிக்கட்டை ஒட்டியே பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் மேனேஜர் மேலே வந்தார். முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். மாப்பிள்ளை பெண்ணின் காதருகே குனிந்து கத்தினார். அவள் காதில் என்ன விழுந்ததோ, மாமா முறை என்று நினைத்துப் பட்டென்று காலில் விழுந்துவிட்டாள். அந்த மனிதர் பரிசுப் பெட்டியோடு இரண்டடி பின்னால் போய் வீடியோக்காரர் மேல் முட்டினார். மேடைப் பக்கம் திருப்பாமல், ஸ்டாண்டில் உயர்த்தி, ஹாலின் நடுவைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து பக்கத்து நாற்காலிக்காரரிடம் ‘எப்ப வந்தீங்க?’ என்று சாதாரணக் குரலில் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் சத்தம் அதிகம். உறவுகள் பேசிக்கொள்ளத்தானே வருகிறார்கள்?

மைக் சோதனையை ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். அலங்கார விளக்குக்கும் இசைக்குழுவுக்கும் தனித்தனி லைன் கொடுக்கச் சொல்லி மண்டப மேலாளரிடம் கேளுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் ‘ஙொய்’ என்ற இரைச்சல் நிற்காது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கீபோர்டு அணைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் இருக்கிறதா என்று குழுவிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். மெட்டு இனிக்கிறதே என்று காதல் தோல்விப் பாட்டையும் பிரிவுப் பாட்டையும் கல்யாண மேடையில் பாடிவிடுவார்கள். மாப்பிள்ளையின் அம்மா வரிகளைக் கவனித்துக் கேட்கிற ரகமாக இருந்தால் ராத்திரி முழுக்க அதே பேச்சுதான். துண்டுச் சீட்டில் வரும் நேயர் விருப்பமெல்லாம் ஒரே ஆள் கை வழியாகப் போகட்டும். பாடியே தீருவேன் என்கிற பெரியப்பா ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவருக்கு ஏழரைக்கு முன்னால் ஒரு பாட்டு, அதுவும் சுருதியை முதலிலேயே கீபோர்டுக்காரரிடம் சொல்லிவைத்த பிறகு.

பதிப்புரிமைக் கட்டணம் கட்ட வேண்டும் என்று யாராவது வந்தால் பயப்படாதீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 52(1)(za) பிரிவின்படி திருமணத்தையும் அதை ஒட்டிய கொண்டாட்டங்களையும் சேர்ந்த நிகழ்ச்சியில் பாட்டு வைப்பது உரிமை மீறல் ஆகாது. மத்திய அரசும் 2023 ஜூலையில் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது.

வைகாசி, ஆவணி, தை முகூர்த்தம் என்றால் குழுவை இப்போதே பேசி முடியுங்கள். அன்றைக்கே வேறு நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், இருந்தால் ஒன்பதுக்கே கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். ஆறு மணிக்கே அவர்களுக்கு டிபன் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எட்டரைக்குத் தபேலாக்காரர் பந்தியில் இருப்பார். தொடங்கும் நேரம், கடைசிப் பாட்டு 9.30 என்பதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். பாக்கிப் பணத்தை ஒரு கவரில் போட்டு மாமாவிடமோ மச்சானிடமோ கொடுத்துவையுங்கள், அந்த நேரத்தில் அப்பா ஸ்டோர் ரூமில் காலைக்கு இலை போதுமா என்று எண்ணிக்கொண்டிருப்பார்.