நாணயம் மாற்றும்போது பெருக்குவதா, வகுப்பதா?

ஒவ்வொரு முறையும் இதில் தடுமாறுவதாகவும், மனனம் செய்ய ஒரு சூத்திரம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சூத்திரம் வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் அதன் அலகை எழுதுங்கள், போதும்.

கொழும்புப் புறக்கோட்டையில் இறக்குமதிக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். டொலரிலும் வரும், யுவானிலும் வரும், இந்திய ரூபாவிலும் வரும். வெறுமனே "300" என்று எழுதிய துண்டுச்சீட்டை யார் நீட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 300 என்ன? ஒரு டொலருக்கு 300 ரூபா என்றால் அதை அப்படியே பின்னமாக எழுத வேண்டும்: 300 ரூபா / 1 டொலர். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே பெறுமதி. அதனால் இந்தப் பின்னத்தைத் தலைகீழாக்கினாலும் அது ஒன்றுக்குத்தான் சமம். எந்தப் பக்கமாக வைப்பது என்பதை, எந்த அலகு வெட்டுப்பட வேண்டும் என்பதே சொல்லிவிடும்.

உங்களிடம் 1,500 சவூதி ரியால் இருக்கிறது என்று வையுங்கள். ரியால் 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 என்று நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. டொலரை, கணக்குக்கு வசதியாக, 300 ரூபா என்றே கொள்வோம்.

1,500 ரியால் × (1 டொலர் / 3.75 ரியால்) × (300 ரூபா / 1 டொலர்)

ரியாலோடு ரியால் போகிறது, டொலரோடு டொலர் போகிறது. மிஞ்சுவது 120,000 ரூபா. முதல் பின்னத்தைத் தவறிக் கவிழ்த்து வைத்திருந்தால் விடையில் ரியாலின் வர்க்கம் வந்து நிற்கும். அப்படியொரு நோட்டை எந்த நாடும் அச்சடிப்பதில்லை என்பதால் பிழை அங்கேயே பிடிபடும். கல்குலேட்டர் இந்த உதவியைச் செய்யாது.

இதன் அருமை தங்கக் கணக்கில்தான் தெரியும். உலகச் சந்தையில் தங்கம் ஓர் அவுன்ஸுக்கு இத்தனை டொலர். கொழும்பின் நகைக்கடை வீதியான செட்டியார் தெருவிலோ பவுணுக்கு இத்தனை ரூபா. நாணயமும் மாறுகிறது, நிறையும் மாறுகிறது. தங்கத்துக்குரிய அவுன்ஸ் சுமார் 31.1 கிராம், நம் பவுண் 8 கிராம். அவுன்ஸ் 3,000 டொலர் என்றால்:

(3,000 டொலர் / 1 அவுன்ஸ்) × (300 ரூபா / 1 டொலர்) × (1 அவுன்ஸ் / 31.1 கிராம்) × (8 கிராம் / 1 பவுண்)

டொலர், அவுன்ஸ், கிராம் மூன்றும் வெட்டுப்பட்டு, பவுணுக்குச் சுமார் 231,500 ரூபா என்று வரும். ஆனால் இது 24 கரட் தங்கம். நகைக்குரிய 22 கரட்டுக்கு மேலும் 22/24ஆல் பெருக்க வேண்டும். அப்போது சுமார் 212,200. செய்கூலி வேறு. இந்த 22/24 என்ற பின்னத்துக்கு அலகே கிடையாது. ஆகவே அதை மறந்தாலும் அலகு உங்களை எச்சரிக்காது.

அலகு காட்டிக்கொடுக்காத இன்னொன்றும் உண்டு. வெள்ளவத்தையில் காலி வீதியோர நாணயமாற்றுக் கடைப் பலகையைப் பாருங்கள்: ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு விலை, வாங்கும் விலையும் விற்கும் விலையும். இரண்டின் அலகும் ஒன்றே. "வாங்கும்" என்றால் கடைக்காரர் வாங்குவது. நீங்கள் டொலரைக் கொடுக்கும்போது அந்தக் குறைந்த விலைதான் உங்களுக்கு. பலகையில் 298, 306 என்று இருந்தால், 400 டொலரைக் கொடுத்து 119,200 ரூபா பெறுவீர்கள். பயணம் ரத்தாகி அதே ரூபாவுக்கு உடனே டொலர் திருப்பிக் கேட்டால் 389 டொலர் சொச்சம்தான் கிடைக்கும். கணக்கில் பிழை இல்லை, கடைக்காரரும் ஏமாற்றவில்லை. அது அவருடைய பிழைப்பு.

வங்கியில் மாற்றுவதானால் கையில் கொடுக்கும் நோட்டுக்கு ஒரு விலை, வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு வரும் பணத்துக்கு வேறு விலை. எது உங்களுடையது என்று கேட்டுவிட்டுப் பின்னத்தை எழுதுங்கள்.