கொல்லையில் கல் தளத்தை நாமே போட்டுக்கொள்ள முடியுமா, மேஸ்திரி கட்டாயம் வேண்டுமா?

முடியும். நான் போட்டிருக்கிறேன். முதலில் ஒரு மேஸ்திரி போட்டார். அதைப் பெயர்த்துவிட்டு நான் போட்டேன்.

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் கூலியைக் கேட்டு மலைத்துப்போய், கல்லையாவது மலிவாக வாங்கலாம் என்று அலைகிறீர்கள் போலிருக்கிறது. கல்லில் எந்த வகை, கடப்பாவா, தாண்டூரா, கோட்டாவா என்பது கடைசிக் கவலை. அடியில் மண் இறுக்கமும் மேலே வாட்டமும் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) சரியாக இல்லையென்றால் எந்தக் கல்லும் உங்களைக் காப்பாற்றாது.

எங்கள் வீடு மயிலாடுதுறைப் பக்கம். களிமண் பூமி. கொல்லைக் கதவை ஒட்டி 12க்கு 10 அடி இடம். இரண்டடிச் சதுரத்தில் 30 கடப்பா கல். வேலைக்கு வந்தவர் என் மாமியார் வழியில் உறவு என்பதால் எதையும் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. மணலைக் கொட்டித் தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்தார். கல்லுக்கு அடியில் நான்கு மூலைக்கு நான்கு, நடுவில் ஒன்று எனக் கொழுக்கட்டை பிடித்து வைத்ததுபோல் கலவையை வைத்தார். தண்ணீர் நிரப்பிய டியூபை இரு பக்கமும் பிடித்து மட்டம் பார்த்தபோது குழாயின் நடுவே கொட்டைப்பாக்கு அளவுக்குக் காற்றுக்குமிழ் நின்றது. பார்த்தேன். சொல்லவில்லை.

கடைசியில் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றினார். கடப்பா ஒரு வகைச் சுண்ணாம்புக் கல். புசுபுசுவென்று நுரைத்தது. கறையோடு கல்லின் கறுப்பும் போய்விட்டது. அந்த வெள்ளைத் திட்டுகளின் மேல்தான் இன்று என் மனைவியின் துளசித் தொட்டி இருக்கிறது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. கொல்லையில் விழுந்த தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் அடுக்களைக்குள் வந்தது. அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தோம். காலையில் குமிழ் இல்லாமல் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தால், கதவுப் பக்கம் ஓர் அங்குலம் பள்ளம்! கல்லைத் தட்டினால் பாதிக்கு மேல் 'டொக் டொக்' என்று, அடியில் கலவை இல்லாத வெற்றுச் சத்தம்.

தையில் நானும் மைத்துனர் மகனும் இறங்கினோம். ஆறு அங்குலம் களிமண்ணை வெட்டி எடுத்து, கிராவலை இரண்டு தடவையாகக் கொட்டி, நனைத்துத் திமிசால் (தரையை இடித்து இறுக்கும் கட்டை) இடித்து நான்கு அங்குலத்துக்குக் கொண்டுவந்தோம். கதவிலிருந்து வாய்க்கால் வரை 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் வைத்து நூல் கட்டினோம். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் சேர்த்த கலவையை இடைவெளி இல்லாமல் பரப்பி, கல்லை வைத்து மரச் சுத்தியால் தட்டினோம். 'கிண்' என்று சத்தம் வரும்வரை விடவில்லை. ஓர் அங்குலக் கனமுள்ள கல் ஏறக்குறைய 25 கிலோ. ஒருவராகத் தூக்காதீர்கள். பிறகு கலவை இறுக ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வைத்தோம். மேஸ்திரி இரண்டு நாளில் முடித்த வேலை எங்களுக்கு ஒன்பது நாள் பிடித்தது.

கிராவலுக்கு மேல் கான்கிரீட் போட்டிருக்க வேண்டும் என்று சிவில் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். கார் நிறுத்துவதானால் போடுங்கள். எனக்குத் துணி துவைக்கிற இடம்தான். எல்லா மேஸ்திரியும் அப்படி என்றும் நான் சொல்லவில்லை. வீடு கட்டிய கொத்தனார் வைத்த திண்ணை இருபது வருடமாக அசையவில்லை.

ஆனால் அந்தத் திண்ணை இப்போது தரையோடு தரையாகிக்கொண்டிருக்கிறது. வாசலில் மூன்று படி இருந்தது; தெருவில் சாலைமேல் சாலையாகப் போட்டு ஒன்றாக்கிவிட்டார்கள். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இலேயே உத்தரவு வந்தது. எங்கள் தெருவில் யாரும் சுரண்டி நான் பார்க்கவில்லை. அதனால் உங்கள் கொல்லைத் தண்ணீரைத் தெருப் பக்கம் விடலாம் என்று மட்டும் வாட்டம் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த சாலை போட்டதும் அது திரும்பி உங்கள் வீட்டுக்கே வரும்.