மேனேஜர் பதவியை ஏற்கலாமா?

வெளிநாடு வந்து இரண்டு வருஷத்துக்குள் மேனேஜர் பதவி தேடி வந்திருக்கிறது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்குத்தான் தயக்கம், ஏற்றால் வேலை இப்போதுபோலப் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. தயங்குவதில் தப்பே இல்லை.

முதல் சில மாதம் நன்றாகத்தான் இருக்கும். சம்பளத்தைவிட, 'இவரை நம்பலாம்' என்று நிறுவனமே சொன்னதில் வரும் தெம்பு அது. வெளியிலிருந்து வந்த நமக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இனிக்கும். அமெரிக்கத் தரவுகளை வைத்து 2011-இல் வந்த ஓர் ஆய்வும், சம்பளக் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் பதவி உயர்வு வேலைத் திருப்தியைக் கூட்டுகிறது, ஆனால் போகப்போக அது தேய்கிறது என்கிறது. உயர்வு இனிமேல்தான் கிடைக்கும் என்று நம்பியிருப்பவர்களுக்கும்கூடத் திருப்தி கூடுதலாக இருந்ததாம், வேடிக்கைதான்! ஆஸ்திரேலியத் தரவுகளை ஆராய்ந்த 2013 ஆய்வில் வேலைப் பாதுகாப்போடு வேலை நேரமும் அழுத்தமும் சேர்ந்தே ஏறின.

அந்தத் தெம்பு தேய்ந்தபின் மிஞ்சுவது அன்றாட வேலை. மேனேஜர் ஆனதும் என் காலண்டர் முழுக்க அரை அரை மணி நேர மீட்டிங். சாயங்காலம் 'இன்றைக்கு என்ன செய்தேன்' என்று யோசித்தால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. சேர்ந்து சாப்பிட்டவர்கள், நான் போய் உட்கார்ந்ததும் பேச்சை மாற்றினார்கள். அதைவிடக் கஷ்டம் வருஷக் கடைசி மதிப்பீடு. நன்றாக உழைத்தவரிடம் 'இந்தத் தடவை உயர்வு இல்லை' என்று, எனக்கே ஒப்பாத முடிவை என் முடிவுபோலச் சொல்ல வேண்டும். ஆனால் நான் பழக்கிவிட்ட ஒரு பெண், கோபத்தில் இருந்த வாடிக்கையாளரைத் தனியாகவே சமாளித்துவிட்டு வந்த அன்று எனக்குக் கிடைத்த நிறைவு, நான் எழுதிய எந்த புரோகிராமிலும் கிடைத்ததில்லை. இப்படி அடுத்தவர் ஜெயிப்பதில் உங்களுக்கு ருசி உண்டா? அது இல்லாதவருக்கு மீட்டிங் மட்டும்தான் மிஞ்சும்.

வேண்டாம் என்று சொல்வது இங்கே பல இடங்களில் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆளை நிர்வகிக்காமல் நிபுணராகவே மேலே போகும் பாதை உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா, முதலில் விசாரியுங்கள். அப்புறம், சில மாதம் தற்காலிகப் பொறுப்பாகப் பார்க்க முடியுமா, பிடிக்காவிட்டால் பழைய வேலைக்குத் திரும்பலாமா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் விசா குறிப்பிட்ட வேலைக்கென்று கொடுக்கப்பட்டதா? அப்படியானால் பதவிப் பெயர் மாறுவதற்கு முன்பே எச்.ஆரிடம் பேசிவிடுங்கள்.