பழைய ரிவெர்பை அப்படியே பிடித்து வைக்க ஒரு வழி

ஒலி எடிட்டிங் மென்பொருளை அப்டேட் செய்ததும் பழைய ஹால் ரிவெர்ப் (பெரிய அரங்கில் கேட்பது போன்ற எதிரொலி) போய்விட்டது, அதே எண்களைப் போட்டும் அந்தச் சத்தம் வரவில்லை என்கிறீர்கள். வராது, எதிரொலியைக் கணக்கிடும் அல்காரிதமே மாறினால் எண்ணுக்கு மதிப்பில்லை.

பழைய வெர்ஷனைத் தனி ஃபோல்டரில் நிறுவுங்கள். 6 விநாடி மௌனமான ஸ்டீரியோ டிராக்கில், இரு சேனலிலும் முதல் சாம்பிளை (ஒலி அலையின் ஒரே ஒரு புள்ளி) மட்டும் பென்சில் கருவியால் உச்சிக்கு இழுங்கள். ரிவெர்பில் டிரை (மூலச் சத்தம்) பூஜ்யம், வெட் (எதிரொலி மட்டும்) முழுசு. டிரை கொஞ்சம் ஒட்டினாலும் பிறகு குரல் இரண்டு முறை விழும். ரிவெர்பைப் போட்டு 32 பிட் ஃப்ளோட் வேவ் கோப்பாக எடுத்து, புதியதில் கன்வல்யூஷன் ரிவெர்பில் (பதிவான எதிரொலியை எந்தச் சத்தத்தின் மீதும் படிய வைப்பது) ஏற்றுங்கள். தொடக்க மௌனத்தை வெட்டாதீர்கள், ப்ரீ டிலே (எதிரொலி தொடங்கும் முன் வரும் இடைவெளி) அதில்தான் இருக்கிறது. மாடுலேஷன் (எதிரொலியை மெல்ல அசைத்துக்கொண்டே இருப்பது) இருந்தால் அணைத்துவிட்டு எடுங்கள். அந்த அசைவு மட்டும் இதில் சிக்காது.